கத்தி யார் கையில்?

(இராயபுரத்தில் நடைபெற்ற கலை இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  பகலெல்லாம் உழைத்துக் களைத்தும், வீட்டுக்குச் சென்று படுக்காமல் இங்கு வந்து அமர்ந்திருக்கும் பாட்டாளித் தோழர்களே! மீன் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! 

இராயபுரத்தில் நின்று பேசுவது எவருக்கும் எளிதான செயலன்று. 1949ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், கொட்டும் மழையில், இங்கேயுள்ள ராபின்சன் பூங்காவில் அறிஞர் அண்ணா பேசினார். குடையின்றிக் கேட்டது கூட்டம். கலையாமல் நின்றது கூட்டம். அப்படிக் கேட்டவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னே வெறும் சொற்களை அடுக்கிவிட்டுப் போக முடியாது. பொருள் எங்கே என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, மர்மப் படங்களில் மக்கள் என்பது. அந்த நாளில் துப்பறியும் படம் என்றார்கள். பிறகு திகில் படம் என்றார்கள். இந்நாளில் திரில்லர் என்கிறார்கள். பெயர் எதுவாயினும் சரக்கு ஒன்றுதான். ஒரு கொலை விழும். கொன்றவன் எவன் என்று தெரியாது. கொட்டகையில் இருப்பவன் நாற்காலி நுனிக்கு வருவான். விளக்குப் போட்டதும் பெருமூச்சு விட்டு எழுந்து போவான். இதில் ஆராய என்ன இருக்கிறது, பொழுதுபோக்குத்தானே என்று சிலர் கேட்கக்கூடும்.

தோழர்களே! மர்மப் படம் என்பது ஊரார் மனத்தைக் காட்டும் கண்ணாடி. கதையில் கொலை நடந்த மறுகணமே நாம் எவனைச் சந்தேகிக்கிறோம்? அந்தச் சந்தேகத்தை நமக்குக் கற்றுக் கொடுத்தது எது? நிறமா, உடையா, பேச்சா, பேட்டையா? ஐயப்படுவதற்கு என்று ஒரு முகத்தையும், அழுவதற்கு என்று ஒரு முகத்தையும், காப்பாற்றுவதற்கு என்று ஒரு முகத்தையும் திரை பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினையில் நம் வடசென்னைக்கு எந்தப் பங்கு கிடைத்தது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

மர்மத்துக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்றைய உறவன்று. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் இருளில் வந்து, துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுப் பற்றவைத்துவிட்டு, வந்த வழியே மறைந்தது. அன்று முதல், எவருக்கும் பிடிகொடுக்காத கெட்டிக்காரனை நாம் 'எம்டன்' என்று அழைக்கிறோம். ஒரு போர்க்கப்பலின் பெயரைத் தமிழ்ச் சொல்லாக்கிக் கொண்ட ஊர் இது!

பிறகு 1943ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் இரவு, சப்பானிய விமானம் ஒன்று துறைமுகப் பகுதியில் குண்டு போட்டது. அந்த இரவை அடிப்படையாக வைத்துத்தான் 1954இல் 'அந்த நாள்' என்ற படம் வந்தது. வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கியது, ஏ.வி.எம். எடுத்தது, பாட்டே இல்லாத தமிழ்ப்படம். படம் தொடங்கும்போதே கதாநாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். அவர் ஏற்ற வேடம், தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் பகைவனுக்கு உளவு சொல்லும் வானொலிப் பொறியாளன். துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். அண்டை வீட்டுப் பெரியவர், தம்பி, தம்பி மனைவி, ஆடல் மங்கை, இறுதியில் மனைவி. உண்மையை அறிந்த அந்த மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியே வெடித்தது என்று முடிவில் தெரிகிறது. கணவனைவிட நாடு பெரிது என்று எண்ணிய பெண்ணாகப் பண்டரிபாய் நடித்தார். எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்தப் படம் நிற்கிறது என்றால், காரணம் இருக்கிறது. குற்றவாளியை அவர்கள் குப்பத்தில் தேடவில்லை. படித்தவன் வீட்டில் தேடினார்கள். பெண்ணை அழ வைத்துவிட்டு மூலையில் உட்கார்த்தவில்லை, முடிவெடுக்க வைத்தார்கள்.

பாராட்டுகிறேன். ஆனால் பாராட்டிய வாயால் ஒன்று கேட்கிறேன். குண்டு விழுந்தது துறைமுகத்தில். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் எங்கே? குண்டுச் சத்தம் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய் எங்கே? அவர்களுக்குக் கதை இல்லையா? நகரமே நடுங்கிய இரவில், ஒரு வீட்டின் கூடத்துக்குள்தான் மர்மம் இருந்தது. நம் பேட்டை வெளியே நின்றது, கதவுக்கு அப்பால்.

கதவுக்கு அப்பால் நின்ற நம்மைப் பிறகு உள்ளே அழைத்தார்கள். எப்படி அழைத்தார்கள்? அறுபதுகளின் படங்களை எண்ணிப் பாருங்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்சின் 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' போன்ற படங்கள் வந்த காலம். ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று போற்றப்பட்ட காலம். அந்நாளைய துப்பறியும் கதைகளில் கொள்ளைக் கூட்டத் தலைவனுக்குக் கோட்டு இருக்கும், வாயில் சுருட்டு இருக்கும், வளைந்திறங்கும் மாடிப்படி இருக்கும். அவனுக்கு ஊரில் பெரிய மனிதன் என்று பெயரும் இருக்கும். அவனுக்கு ஓர் அடியாள் இருப்பான். கழுத்தில் கைக்குட்டை, உடம்பில் கோடுபோட்ட பனியன், இடுப்பில் தூக்கிக் கட்டிய லுங்கி. அவன் எங்கிருந்து வந்தவன் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் நம் பேச்சு! தலைவனுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, மனமாற்றம் உண்டு. அடியாளுக்கு ஒரு குத்து மட்டுமே உண்டு. அதை வாங்கிக்கொண்டு மேசைமீது விழுவான், மேசை உடையும், அவன் கதை முடியும்.

கோட்டுப் போட்டவன் செய்த குற்றத்துக்கு அடிவாங்கியவன் எவன்? லுங்கி கட்டியவன். திரையில் மட்டுமா?

ஆண்டுகள் உருண்டன. அடியாளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவனே வில்லன் ஆனான். மாடிப்படி மறைந்தது, சந்து வந்தது. சுருட்டு மறைந்தது, அரிவாள் வந்தது. 2003இல் வந்த 'காக்க காக்க' போன்ற படங்கள், சட்டத்தின் கை போதாதபோது துப்பாக்கியின் வாய் பேசலாம் என்று காட்டின. அழகிய முகம், மடிப்புக் கலையாத உடை, அளந்த பேச்சு. இவை காவல் அதிகாரிக்கு. பரட்டைத் தலை, சிவந்த கண், கரகரத்த குரல், இவை சுடப்படுகிறவனுக்கு. கதை தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அல்லர்; ஒப்பனைக்காரர்!

நியாயம் பேச வந்தவன் நன்றி மறக்கலாகாது. இதை மாற்ற முனைந்தவர்களும் உண்டு. 2014இல் பா. இரஞ்சித் எடுத்த 'மெட்ராஸ்' வந்தது. வியாசர்பாடி குடியிருப்பில் ஒரு சுவர். அந்தச் சுவர் எவருடையது என்பதில் பகை. அந்தப் பகையில் விழும் பிணங்கள். மர்மப் படத்தின் இறுக்கம் அத்தனையும் அதில் உண்டு. ஆனால் நாயகன் காளி, கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் குடியிருப்புப் பையன். நம் தெருவில் பந்தாடும் பிள்ளைகள், சண்டை பிடிக்கும் அம்மாக்கள், வேலைக்குப் போய் வரும் இளைஞர்கள் ஆகியோர் திரையில் மனிதர்களாக நடந்தார்கள். அதைக் கண்ட நாளில், வியாசர்பாடித் தோழர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, என் வீட்டுப் படிக்கட்டை முதன்முறையாகப் படத்தில் பார்த்தேன், அதில் இரத்தம் மட்டும் இல்லை, கோலமும் இருந்தது."

2018இல் வெற்றிமாறனின் 'வட சென்னை' வந்தது. சாலை வருகிறது, வளர்ச்சி வருகிறது, குப்பத்தைக் காலி செய்யுங்கள் என்கிறார்கள். முடியாது என்கிறான் இராஜன். கூட இருந்தவர்களே அவனைக் கொல்கிறார்கள். கத்திக்குப் பின்னே காசு இருக்கிறது, காசுக்குப் பின்னே நிலம் இருக்கிறது என்பதை அந்தப் படம் மறைக்கவில்லை. இதுவரை மேசைமீது விழுந்த அடியாளை எழுப்பி உட்கார வைத்து, உன்னை ஏவியவன் யார் என்று கேட்டது. அது பெரிய காரியம்.

ஆயினும் படம் வந்ததும் நம் மீனவ மக்களிடையே வருத்தம் எழுந்தது. எங்கள் பெண்களையும் எங்கள் படகையும் இப்படிக் காட்டலாமா என்று கேட்டார்கள். இயக்குநர் வருத்தம் தெரிவித்து, காட்சியை நீக்க முன்வந்தார். கேட்டவர்களும் உயர்ந்தார்கள், கேட்டதற்குச் செவி சாய்த்தவரும் உயர்ந்தார். நல்லெண்ணம் கொண்டவன் எடுத்த படத்திலும் நம் மனம் நோகும் இடம் இருக்கலாம். அதைச் சொன்னால் சொன்னவன் கலையின் பகைவன் ஆகிவிட மாட்டான். இந்தப் பாடத்தை நாம் மறக்கக்கூடாது.

இனி வயதைப் பார்ப்போம்.

நம் பேட்டையைப் பற்றிய படங்களைப் பார்க்கும் வெளியூர்க்காரன், இங்கே இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுவரை உள்ள ஆண்கள் மட்டுமே வாழ்கிறார்கள் என்று எண்ணுவான். அதற்குமேல் வாழ்ந்தால் ஒருவன் தாதாவாக இருப்பான். அவனும் படுகிழமாவதற்குள் குத்துப்பட வேண்டும். 2011இல் தியாகராஜன் குமாரராஜா எடுத்த 'ஆரண்ய காண்டம்' ஒன்றுதான் இந்த முதுமையை அச்சமின்றித் தொட்டது. சிங்கப்பெருமாள் என்ற முதிய தாதா. உடம்பு தளர்ந்துவிட்டது, ஆணவம் தளரவில்லை. கூட இருப்பவன் சொல்லிக்காட்டியதைப் பொறுக்காமல் கொலைக்கு ஆணையிடுகிறான். ஆண்மை என்ற பொய்க்கால் குதிரை முதுமையில் எப்படி ஆட்டம் காண்கிறது என்பதை அந்தப் படம் காட்டியது.

ஆனால் கிழவிகள் எங்கே, தோழர்களே? படத்தில் நம் பாட்டிக்கு இரண்டே இடம். மருத்துவமனை வாசல் ஒன்று. சுடுகாட்டுக்குப் போகும் வழி மற்றொன்று. மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டும், அதோடு சரி.

காசிமேட்டுக்குப் பொழுது விடியுமுன் சென்று பாருங்கள். விசைப்படகு கரைதட்டும் நேரத்தில், வெற்றிலை மென்றபடி நிற்கும் அறுபது வயது அம்மாளைப் பாருங்கள். எந்தக் கூடையில் நேற்றைய மீன் கலந்திருக்கிறது, ஏலம் விடுகிறவன் யாருக்குக் கண் காட்டுகிறான், கடன் வாங்கியவன் எந்தச் சந்தில் நழுவுகிறான், எவன் மகன் எவனோடு சேர்ந்து கெடுகிறான் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ஆங்கிலேய எழுத்தாளர் அகதா கிறிஸ்டி, 1930இல் வந்த நாவல் ஒன்றில் மிஸ் மார்ப்பிள் என்ற கிழவியைத் துப்பறிவாளராக்கினார். ஊசியும் நூலுமாக உட்கார்ந்து பின்னல் வேலை செய்யும் கிழவி. எவரும் அவரைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தாத காரணத்தாலேயே அவர் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார். உலகமே அந்தக் கிழவியைக் கொண்டாடியது. அவருக்குப் பின்னல் ஊசி என்றால், நம் அம்மாளுக்கு மீன் வெட்டும் அரிவாள்மணை! நம் திண்ணைக் கிழவிக்குத் தெரியாத மர்மம் இந்தத் தெருவில் உண்டா? (இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் சிரிக்காமல் தலைகுனிகிறீர்கள் என்பதையும் கவனிக்கிறேன்!) அவரை ஏன் எவரும் துப்பறிய வைக்கவில்லை? முதியவர், பெண், ஏழை என்ற மூன்று திரைகள் அவர்மீது விழுந்திருக்கின்றன. மூன்றையும் விலக்கிப் பார்க்கக் கதை எழுதுகிறவனுக்கு நேரமில்லை.

பெண்களுக்கு வருகிறேன்.

மர்மப் படத்தில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட வேலைகளில் பெரியது, பிணமாவது. அவள் செத்தால்தான் கதை நகரும். அல்லது சீரழிக்கப்பட்டால்தான் நாயகன் கொதிப்பான். அவள் பட்ட துன்பம் அவன் வீரத்துக்கு விறகாகிறது. 2015இல் வந்த 'பாபநாச'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஆதலால், பள்ளிப் படிப்பை முடிக்காத கேபிள் டிவிக்காரன் ஒருவன் காவல் துறை முழுவதையும் அறிவால் வெல்லும் அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்! ஆனால் அதிலும் பாருங்கள். தீங்கு செய்ய வந்தவனை அடித்து வீழ்த்துவது மகளின் கை. புதைப்பது தாயும் மகளும். ஆனால் சிந்திக்கிற மூளை மட்டும் தந்தையுடையது. கை பெண்ணுக்கு, கணக்கு ஆணுக்கு! 2024இல் வந்த 'மகாராஜா', முடிதிருத்தும் தொழிலாளி ஒருவனைக் காவல் நிலையத்தில் எல்லோரும் எள்ளி நகையாட, அவன் அமைதியாக எல்லோரையும் விஞ்சி நிற்பதைக் காட்டியது. வகுப்புப் பார்வையில் அது நல்ல அடி. ஆயினும் மகளுக்கு நேர்ந்த கொடுமை, கடைசிவரை அவிழ்க்கப்படாத முடிச்சாகவே காத்து வைக்கப்பட்டது. இறுதியில் அந்தப் பெண் தலைநிமிர்ந்து, கொடியவனை நேரில் பார்த்துப் பேசுகிறாள் என்பது ஆறுதல்.

'வட சென்னை'யில் ஆண்ட்ரியா ஏற்ற சந்திரா என்னும் பாத்திரம், கணவனைக் கொன்றவர்களுள் ஒருவனையே மணந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, ஒருவர்மீது ஒருவரை ஏவிவிடுகிறது. 'ஆரண்ய காண்ட'த்தில் எல்லா ஆண்களும் அடித்துக்கொண்டிருக்க, அடைபட்டுக் கிடந்த சுப்பு பணத்தோடு வெளியேறுகிறாள். இருவரும் அறிவாளிகள். ஆனால் அந்த அறிவு வெளிவர, ஒருத்தி தன்னையே பகைவன் வீட்டில் பணயம் வைக்க வேண்டும். மற்றொருத்தி கூண்டிலிருந்து தப்பிக் கொலையும் செய்ய வேண்டும். நம் பெண்ணின் அறிவுக்கு வேறு வாசலே இல்லையா?

இருக்கிறது. 'வட சென்னை'யின் நாயகன் அன்பு யார்? கேரம் ஆட்டக்காரன். அது உண்மைக்கு மாறானதன்று. நம் தெருமுனைகளில் கேரம் பலகை இல்லாத இடம் ஏது? ஆனால் திரையில் அந்தப் பலகையருகே எத்தனை பெண்கள் நின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு உண்மையைப் பாருங்கள். வியாசர்பாடியில் பிறந்த இளவழகி, 2008இல் பிரான்சு நாட்டில் உலகக் கேரம் பட்டத்தை வென்றார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்று திரும்பினார். அப்போது அவருக்கு வயது 17! திரையில், வடசென்னை, கேரம், இளமை என்ற மூன்றையும் சேர்த்தால் சிறைச்சாலை வந்தது. தெருவில், அதே மூன்றையும் சேர்த்தபோது உலகப் பட்டம் வந்தது.

தோழர்களே! பிறரைக் குற்றம் சாட்டிக்கொண்டே போனால் நீங்கள் நம்பலாம். என் மனச்சான்று நம்பாது. நானும் நாடகம் எழுதுகிறவன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாடகம் எழுதினேன். முதலாளியின் பணப்பெட்டி களவு போகிறது. திருடியவன் எவன் என்பது மர்மம். இறுதியில் திருடன் பிடிபடும் காட்சிக்கு அவனுக்கு லுங்கி கட்டிவிட்டேன். நம் பேச்சைக் கொடுத்தேன். நான்கு வரி கொச்சை வைத்தேன். கொட்டகை சிரித்தது. கைதட்டல் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னே நின்றேன். திருவொற்றியூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர் வந்தார். என்னைத் தெரிந்தவர், நான் சிறுவனாக இருந்தபோது என் தாயோடு கூடை சுமந்தவர். "நல்லா எழுதியிருக்கிறே கண்ணு" என்றார். பிறகு கேட்டார்: "களவாண்டவன் ஏன் நம்ம ஆளா இருக்கணும்? அந்த மொதலாளி வூட்டுக் கணக்குப்புள்ள களவாண மாட்டானா?"

நான் விடை சொல்லவில்லை. சொல்ல விடை இல்லை. கணக்குப்பிள்ளையைத் திருடனாக்கினால் அவனை ஏன் திருடனாக்கினேன் என்பதற்கு நான் காரணம் எழுத வேண்டும். நம்மவனைத் திருடனாக்கினால் காரணமே வேண்டாம், லுங்கி போதும். சோம்பேறி எழுத்தாளனுக்கு ஏழை ஒரு குறுக்குவழி. அந்தக் குறுக்குவழியில் நானும் நடந்தேன். இந்தப் பேட்டையில் பிறந்து, இந்தப் பேச்சைப் பேசி வளர்ந்த நானே நடந்தேன் என்றால், இதைக் கண்ணால் கண்டிராதவன் நடப்பதில் என்ன வியப்பு?

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

கல்லூரியை விட்டுவிட்டு நான் வேலை தேடி அலைந்த நாளில், ஓர் அலுவலகத்தில் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை சொன்னேன். கடைசியாக, "எந்த ஏரியா?" என்று கேட்டார்கள். சொன்னேன். கேட்டவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். கத்தியை உருவுவது போலக் கையைக் காட்டினார். தீய எண்ணமில்லை, வேடிக்கைதான். ஆனால் வேலை வரவில்லை. அவர் என்னைப் பற்றி அறிந்தது என்ன? ஒன்றுமில்லை. நம் ஊருக்கு வந்திருப்பாரா? இல்லை. பின் எங்கே கற்றார் அந்தக் கையசைவை? கொட்டகையில் கற்றார், கட்டணம் கொடுத்து!

வேலை போனால் வேறு வேலை தேடலாம். உயிர் போனால்? 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், காவல் துறையினரின் மோதலில் எவரேனும் இறந்தால் வழக்குப் பதிவு செய்ய வேண்டும், சார்பற்ற விசாரணை நடத்த வேண்டும் என்று நெறிமுறைகளை வகுத்துக் கொடுத்தது. ஏன் வகுத்தது? ஒருவன் குற்றவாளியா அல்லனா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம், துப்பாக்கி அன்று. இதைச் சட்டம் சொல்கிறது. ஆனால் கொட்டகை என்ன சொல்கிறது? சுட்டவுடன் கைதட்டு என்கிறது.

2017இல் புஷ்கர், காயத்திரி என்ற இணையர் எடுத்த 'விக்ரம் வேதா' இந்தக் கைதட்டலைத் தடுத்து நிறுத்தப் பார்த்தது. ஆயுதமற்றவனைச் சுட்டுவிட்டு அதை மோதலாகச் சோடிக்கும் அதிகாரியை முதலில் நாயகனாக நிறுத்தி, பிறகு அவன் மனச்சான்றையே குற்றக்கூண்டில் ஏற்றியது. 2024இல் வந்த 'வேட்டைய'னில், குடிசைப் பகுதி இளைஞன் ஒருவன்மீது பழி விழுகிறது, சுட்டுக் கொல்லப்படுகிறான், அவன் குற்றமற்றவன் என்பது பிறகுதான் தெரிகிறது. பெரிய நடிகரின் படத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தது நன்று. ஆனால் ஒன்று சொல்லுங்கள். ஐம்பது படங்கள் கற்றுக்கொடுத்த கைதட்டலை இரண்டு படங்கள் மறக்கடிக்குமா?

என் நெஞ்சை அறுப்பது வேறு. வெளியூர்க்காரன் கைதட்டினால் அறியாமை என்று விடலாம். நம் கொட்டகையில், நம் தம்பி, பரட்டைத் தலையும் கறுத்த முகமுமாகத் தன்னைப் போலவே இருக்கும் ஒருவன் சுடப்படும்போது எழுந்து நின்று சீட்டியடிக்கிறான். திரையில் விழுந்தவன் தன் அண்ணன் சாயலில் இருப்பதை அவன் கண் பார்க்கிறது; மனம் பார்க்க மறுக்கிறது. படம் முடிந்து இரவில் வீடு திரும்பும்போது, தெருமுனையில் நிறுத்தி, "எங்கடா போறே?" என்று கேட்கிறார்கள். அப்போது அவன் திகைக்கிறான். கொட்டகைக்குள் அவன் பார்வையாளன். வெளியே வந்தால் சந்தேகத்துக்குரியவன்! இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கதவுதான்.

இறுதியாக, மெய்யான ஒரு மர்மக் கதைக்கு உங்களை அழைக்கிறேன். கொலை நடந்த இடம் எண்ணூர். கொல்லப்பட்டது கொசத்தலையாற்றின் கழிமுகம். இறால் பிடித்த நீர், நண்டு பிடித்த சேறு, தலைமுறை தலைமுறையாகக் கூலி கேட்காமல் சோறு போட்ட நீர். அனல் மின் நிலையத்துச் சாம்பல் அதில் இறங்கியது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தது. வலையிலும் எண்ணெய், படகிலும் எண்ணெய், வீட்டுச் சுவரிலும் எண்ணெய். நம் மீனவர்கள் வாளியாலும் கையாலும் அதை அள்ளியதை நாடே பார்த்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 1943இல் குண்டுச் சத்தம் கேட்டு ஓடிய தாயைத் தேடினேனே, இதோ அவள்! இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

இங்கே கத்தி இல்லை. ஆனால் காயம் உண்டு. இரத்தம் இல்லை, ஆனால் இழப்பு உண்டு. தடயம் உண்டு, சாட்சி உண்டு. துப்பறிவாளன் எங்கே? வடசென்னையில் குற்றம் என்றால் நூறு ஒளிப்படக் கருவிகள் சந்துக்குள் வருகின்றன. ஒரு கருவியேனும் குழாய்முனைக்குப் போயிற்றா என்று நம் மர்மப் பட உலகைக் கேட்கிறேன். லுங்கி கட்டியவன் கையில் கத்தியைக் கொடுத்துப் படமெடுத்தாயிற்று. கோப்பில் கையெழுத்திடும் பேனாவை ஒருமுறை பெரிதாக்கிக் காட்டுங்கள். ஆட்சியில் எவர் அமர்ந்தாலும், ஆலைக்கு எவர் உரிமையாளரானாலும், அந்தக் கேள்வி கேள்விதான்.

இப்படியெல்லாம் சொல்வதால், இந்தப் படங்களைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டா. தடையின் கசப்பை அறிந்த இயக்கம் நம்முடையது. 1952இல் 'பராசக்தி' வந்தபோது, தடை செய்க என்று கூக்குரலிட்டவர்கள் யார் என்பதை நாம் மறக்கவில்லை. 1949இல் அண்ணாவின் 'வேலைக்காரி' திரைக்கு வந்தது. மாறுவேடம் உண்டு, பழிவாங்கல் உண்டு, நீதிமன்றம் உண்டு. மர்மக் கதையின் எல்லாச் சுவையும் உண்டு. ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏறியது ஏழை அன்று. வட்டிப் பணமும் சாதித் திமிரும். படத்தின் பெயரோ வீட்டு வேலை செய்யும் பெண்ணின் பெயர். அந்த வழி நமக்குத் தெரிந்த வழி. நம் முன்னோர் நடந்த வழி. நாம்தான் இடையில் குறுக்குவழியில் இறங்கிவிட்டோம்.

ஆகவே தம்பிமார்களே, தங்கைமார்களே! அடுத்த முறை கொட்டகையிலிருந்து வெளியே வரும்போது மூன்று கேள்விகளை மட்டும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் எவனைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது, ஏன் வந்தது? இந்தக் கதையில் பெண் ஒருத்தி சாவதையும் அழுவதையும் தவிர வேறு என்ன செய்தாள்? இந்தக் கதையில் எங்கள் வீட்டுப் பாட்டி இருந்தாரா, இருந்தால் அவருக்குப் பேச வாய் இருந்ததா? விடை கிடைக்கவில்லையெனில், எழுதுகோலை எடுங்கள். சங்கத்துப் படிப்பகத்தில் தாள் இருக்கிறது. தெருமுனையில் மேடை இருக்கிறது. திண்ணையில் துப்பறிவாளர் அமர்ந்திருக்கிறார்.

என் நாடகத்தைத் திருத்தி எழுதினேன் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். இப்போது பணப்பெட்டியைத் திறந்தவன் வேறு ஆள். அவன் எவன் என்று சொல்ல மாட்டேன், மர்மம் போய்விடும்! ஆனால் அவனைக் கண்டுபிடிப்பவர் யார் என்று சொல்கிறேன்: மீன் கூடையோடு வரும் ஓர் அம்மாள். முதல் காட்சியிலிருந்தே மேடையில்தான் இருக்கிறார். எவரும் அவரைக் கவனிப்பதில்லை. அவர் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வேடத்தில் நடிக்க ஆள் தேடுகிறேன். இந்தக் கூட்டத்தில் அந்தத் தாய் இருப்பதாக எனக்குச் சந்தேகம்!